பொருள்: பறவைக்கு முன்னால் விடும் இடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

அன்பு நண்பர்களே,
சனிக்கிழமை சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் கரைப்பறவை ஒளிப்படப் பயிலரங்கு. மார்ச்சில் வலசைப் பறவைகள் கிளம்பத் தொடங்கிவிடும், தள்ளிப்போட முடியாது. கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், ஒரு சொல்தான் பாக்கி. பறவை பார்க்கும் பக்கம் கூடுதலாக இடம் விடுகிறோமே, அந்த 'லீட் ரூம்' தமிழில் என்ன? போன முறை மாணவர்கள் எடுத்த பவளக்காலிப் படங்கள் பலவற்றில் அலகு நுனி விளிம்பில் முட்டுகிறது, வாலுக்குப் பின்னால் வெறும் சேறு. சொல் ஒன்று இருந்தால் களத்திலேயே சொல்லித் திருத்தலாம்.
– மீ.

'நோக்குவெளி'. நோக்கிய, நோக்குகின்ற, நோக்கும் வெளி, அருமையான வினைத்தொகை. 'நோக்கு' வெறும் பார்வை அல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் அதைச் செய்யுள் உறுப்புகளில் ஒன்றாக வைக்கிறது. படிப்பவர் மேலோட்டமாகக் கடந்துவிடாமல் நின்று திரும்ப நோக்கும்படி செய்யுள் அமைவது அது. நல்ல படத்தின் அமைப்பும் அதைத்தானே செய்கிறது? 'காம்போசிஷன்' என்பதையே 'நோக்கு' எனலாம். அதிலிருந்து நோக்குமுறை, நோக்குக்கோடு என்று ஒரு குடும்பமே கிளைக்கும்.
– இரா.

ஐயா, வருகிறவர்கள் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். பலர் வீட்டில் ஆங்கிலம்தான். கேமராவைக் கண்ணில் வைத்திருக்கும்போது அகராதி தேட முடியாது. 'லீட் ரூம்' என்றே போடுங்கள்.
– சு.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை 'வீவக' என்கிறோமே, இங்கே யாருக்குப் புரியவில்லை? முதல் நாளே புரிந்திருக்குமா? புழங்கப் புழங்கத்தான் சொல்.
– இரா.

மீ. அக்கா, எனக்கு 'நோக்கு' பறவையிடமே இடிக்கிறது. உப்புக்கொத்தி கண்ணால் தேடும். பெரிய கண், குட்டை அலகு. ஓடும், நிற்கும், கொத்தும். அதற்குச் சரி. உள்ளான்களில் பல நீள அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவும். குனிந்த தலை காலடியை நோக்குகிறது, நடை முன்னால் போகிறது. நாம் இடம் விடுவது நடக்கும் பக்கம். 'முன்வெளி' போதும்.
– க.

ஓதம் ஏறியதும் பறவைகள் சேற்றுத்திட்டை விட்டுக் குளங்களுக்கு வந்து ஒற்றைக்காலில் உறங்கும். மறைவிடத்திலிருந்து நாம் அதிகம் எடுப்பது அப்போதுதான். தலையைத் திருப்பி அலகை முதுகுச் சிறகில் செருகிய பறவைக்கு முன் எது, பின் எது?
– இரா.

மார்புப் பக்கம்தான் முன். ஆனாலும் உறங்கும் பறவையை, நீரில் விழும் அதன் பிம்பத்தோடு நடுவில் வைப்பதே எனக்குப் பிடிக்கும். அப்புறம், 'ஓதம்' என்று கையேட்டில் போடவேண்டாம். சுவர் ஈரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.
– க.

ஓதம் கடல்சார்ந்த பழஞ்சொல். அதையும் விட்டுவிட்டால் எதை வைத்துக்கொள்வோம்?
– இரா.

ஓதத்தைத் தனி இழையில் பேசுவோம். இப்போதைக்குக் கையேட்டில் 'நீர் ஏறும் நேரம்' என்றே இருக்கட்டும். இதுவரை 'முன்வெளி'க்கு நால்வர், 'நோக்குவெளி'க்கு இருவர், 'லீட் ரூம்' ஒருவர். நாளை அச்சு. 'முன்வெளி' போகிறது, பக்கத்தில் ஒரு வரி விளக்கத்தோடு.
– மீ.

போடுங்கள். ஆனால் நான் உடன்படவில்லை. தரையோடு படுத்து எடுக்கும்போது பறவைக்கும் லென்சுக்கும் நடுவே மங்கலாக விழும் சேற்றை அடுத்த பக்கத்திலேயே 'முன்புலம்' என்கிறீர்கள். பிள்ளைகள் முன்வெளியையும் முன்புலத்தையும் கட்டாயம் குழப்பிக்கொள்வார்கள். சனிக்கிழமை அதைக் கவனித்து எழுதுங்கள்.
– இரா.