மறு: மரூன் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பி, மலையிலும் காட்டிலும் தங்கள் ஊர்களை அமைத்து வாழ்ந்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் மரூன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஜமைக்கா பற்றிய கட்டுரை என் கையில்தான் பாதியில் நிற்கிறது, அதனால் இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் ஒலிபெயர்ப்பு. 'மரூன்' என்றே விட்டுவிடலாம் என்று ஐயா எழுதியிருந்தார். வீட்டில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். "மரூன் மக்கள் மலைகளில் வாழ்ந்தனர்" என்றதும் அக்கா கேட்டாள், "ஏன், அந்தக் கலர்லதான் துணி உடுத்துவாங்களா?" அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்கு மெரூன் என்றால் பட்டுப்புடவை, அரக்கு பார்டர். இத்தனைக்கும் இரண்டு சொல்லுக்கும் உறவே கிடையாது. நிறத்தின் பெயர் ஒருவகைக் கொட்டையின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது, இவர்களின் பெயரோ 'சிமர்ரோன்' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்னொருவர் கேட்டிருந்தார்: 'தப்பியோடிய அடிமைகள்' என்றால் எல்லாருக்கும் புரியுமே, எதற்குப் புதுச்சொல்?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். 1739-இல் ஜமைக்காவில் கட்ஜோ என்ற மரூன் தலைவரோடு ஆங்கிலேயர் செய்துகொண்ட உடன்படிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் சண்டை போட்டும் மலைக்குள் நுழைய முடியாமல், கடைசியில் 1500 ஏக்கர் நிலமும் விடுதலையும் எழுதிக் கொடுத்தார்கள். அதிலேயே இன்னொரு விதியும் இருந்தது: இனிமேல் தோட்டங்களிலிருந்து ஓடிவருபவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படியே பிடித்தும் கொடுத்தார்கள், அதற்குக் கூலியும் வாங்கினார்கள். 1760-இல் டாக்கி தலைமையில் அடிமைகள் கிளர்ந்தபோது அவரைச் சுட்டு வீழ்த்தியவரும் மரூன்களில் ஒருவர்தான். இதை உங்கள் சொல்லில் எழுதிப் பாருங்கள்: "தப்பியோடிய அடிமைகள் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுத்தனர்." வாக்கியம் அங்கேயே படுத்துவிடுகிறது. ஒரு சொல்லை ஏற்பதற்கு முன்னால் அந்த வரலாற்றின் மிகச் சங்கடமான வாக்கியத்தில் அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும், அங்கே நின்றால்தான் மற்ற இடங்களிலும் நிற்கும்.

இன்னொன்று, தென் அமெரிக்காவில் டச்சு ஆட்சியில் இருந்த சுரிநாமின் சாரமக்கா என்ற மரூன் மக்கள் டச்சுக்காரர்களோடு 1762-இல் சமாதானம் செய்துகொண்டார்கள். அந்நாட்டில் அடிமைமுறை ஒழிந்தது 1863-இல். நடுவில் நூறு ஆண்டு, காட்டில் சுதந்திரமாகப் பிறந்து சுதந்திரமாகச் செத்தவர்கள் எத்தனை தலைமுறை! அவர்களையும் 'தப்பியோடிய அடிமை' என்றால், அது தோட்ட முதலாளியின் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்த பெயர்.

'ஓடிப்போனோர்' என்று சுருக்கியவருக்கு ஒரு வேண்டுகோள், தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள், யார் பெண், யார் பையன் என்று கேட்பார்கள். 'வனவாசிகள்' கூடாது. அது பழங்குடிகளைக் குறித்துவிடும், கயானா, சுரிநாம் காடுகளில் அமெரிந்தியப் பழங்குடிகள் வேறாக இருக்கிறார்கள். தவிர வனவாசம் என்றாலே பதினான்கு வருடம் முடிந்து திரும்பிவருகிற கதைதான் நமக்கு ஞாபகம் வரும். 'மறவர்' என்று ஒலியொப்பு பார்த்துச் சொன்னவரின் ஆர்வம் பிடித்திருந்தது. ஆனால் அது இங்கே ஒரு சாதியின் பெயர், அந்த வம்பு நமக்கு வேண்டாம். 'விடுபட்டோர்' என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்.

'ஓடு' என்ற வேரே எனக்கு ஒப்பவில்லை. ஓடியது ஒரு ராத்திரி வேலை, அதற்குப் பிறகுதானே மொத்த வாழ்க்கையும்? சுரிநாம் பக்கத்துப் பெண்கள் இன்றும் ஒரு கதை சொல்கிறார்கள், தங்கள் மூதாட்டிகள் ஓடும்போது பின்னிய கூந்தலுக்குள் நெல்மணிகளை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்று. சில நெல் வகைகளுக்கு அந்த மூதாட்டிகளின் பெயரே வைத்திருக்கிறார்கள். விதைநெல்லோடு கிளம்புகிறவளை ஓடிப்போனவள் என்று எப்படிச் சொல்வது, அவள் குடியேறப் போகிறவள்.

சரி, சிமர்ரோன். ஸ்பானியர் கொண்டுவந்து இறக்கிய மாடுகளில் சில, தொழுவத்தை விட்டு மலைக்குப் போய்க் காட்டுமாடுகளாகிவிட்டன. அவற்றைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். பிறகு தப்பிய பூர்வகுடிகளை, அப்புறம் ஆப்பிரிக்கர்களை. இதைப் படித்ததும் எங்கள் ஊரில் சொல்கிற 'கட்டறுத்த மாடு' நினைவுக்கு வந்தது. மாடு வளர்த்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், 'அவிழ்த்தது' என்றால் யாரோ அவிழ்த்துவிட்டார்கள், 'அறுத்தது' என்றால் அதுவே இழுத்து அறுத்துக்கொண்டு போயிற்று. நமக்கு வேண்டிய வேறுபாடு அப்படியே இதில் இருக்கிறது. எஜமானன் பத்திரம் எழுதி ஓர் அடிமையை விடுவிப்பது கட்டவிழ்ப்பு. தானே போனால் கட்டறுப்பு. ஆகவே என் முன்மொழிவு: மரூன்கள் – கட்டறுத்தோர். இரண்டு கருத்துக்கு ஒரே வேரில் இரண்டு சொல் கிடைப்பது எப்போதாவதுதான் நடக்கும், விட்டுவிட மனமில்லை.

மேலே சொன்ன சோதனை: "உடன்படிக்கைக்குப் பின் கட்டறுத்தோர், தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவர்களைப் பிடித்துக் கொடுத்தனர்." கேட்கக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கஷ்டம் வரலாற்றினுடையது, வாக்கியத்தில் பழுதில்லை.

மாட்டோடு மனிதரை ஒப்பிடுவது இழிவில்லையா என்று யாராவது கேட்பீர்கள். அந்த ஒப்பீடு மூலச்சொல்லிலேயே இருக்கிறது, ஜமைக்காவில் அவர்கள் வழிவந்தவர்கள் அந்தப் பெயரைப் பெருமையாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 6 அன்று அக்காம்பாங் ஊரில் கூடி அபெங் ஊதுகிறார்கள். அபெங் என்பதும் மாட்டுக்கொம்புதான், பக்கவாட்டில் துளையிட்டு ஊதுவது. படை வருகிற செய்தியை மலைக்கு மலை கடத்தியது அதுதான். (இதற்குக் 'கொம்பு' என்று போடலாமா என்றால் வேண்டாம், நம் கோயில் கொம்பு கண்முன் வந்துவிடும். அபெங் அபெங்காகவே இருக்கட்டும்.) 'பற்றறுத்தோர்' போல ஒலிக்கிறது, சாமியார் வாடை அடிக்கிறது என்று நாளை ஒரு மடல் வரும், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்து பிரேசிலின் கிலொம்போ, அங்கே தப்பியவர்கள் அமைத்த ஊருக்குப் பெயர். இதையும் 'கட்டறுத்தோர் ஊர்' என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், சரிவராது. பல்மாரெஸ் அப்படிப்பட்டதுதான், 17-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி போர்த்துக்கீசியரையும் டச்சுக்காரரையும் எதிர்த்து நின்று 1694-இல் வீழ்ந்தது. அதன் கடைசித் தலைவர் சும்பி கொல்லப்பட்ட 1695 நவம்பர் 20-ஐத்தான் இன்று கறுப்பின விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் 1988 அரசியலமைப்பு கிலொம்போ வழிவந்தவர்களுக்கு நில உரிமை கொடுத்த பிறகு அந்தச் சொல் விரிந்துவிட்டது. கைவிடப்பட்ட தோட்டங்களில் தங்கிவிட்டவர்கள், விலைக்கு நிலம் வாங்கிக் குடியிருந்தவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முதலாக அவர்களைத் தனியாக எண்ணினார்கள், 13 லட்சத்துக்கு மேல். ஆப்பிரிக்காவின் கிம்புண்டு மொழியில் அந்தச் சொல்லுக்குப் போர்ப்பாசறை என்று பொருள். கொலம்பியாவில் இதையே 'பலெங்கே' என்பார்கள், கழிகளை நட்டுக் கட்டிய வேலியரண். இரண்டிலும் அரண் இருக்கிறது. ஆகவே அரண்குடி, அங்கே வாழ்பவர் அரண்குடியினர். எழுதிப் பார்த்தேன், கட்டுரையில் உறுத்தாமல் உட்கார்ந்துவிட்டது.

மொரீசியஸ் இழையில் எழுதுகிற அக்காவுக்கு ஒரு வரி: லெ மோர்ன் மலையில் ஒளிந்து வாழ்ந்தவர்களில் மடகாஸ்கர்க்காரர்கள், ஆப்பிரிக்கர்களோடு இந்தியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் இருந்தார்கள். எனவே 'கட்டறுத்தோர்' என்பதற்கு முன்னால் 'ஆப்பிரிக்க' என்று நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள்.

மாட்டிக்கொண்டு நிற்பது ஒரே இடத்தில். பிரெஞ்சுத் தீவுகளில் தப்பிப்போவதிலேயே பெரியது, சிறியது என்று இரண்டு வகை சொல்கிறார்கள். பெரியது நாம் பேசியது. சிறியது, அடுத்த தோட்டத்தில் இருக்கிற மனைவியைப் பார்க்க, அல்லது சவுக்கடிக்குப் பயந்து, நாலைந்து நாள் காணாமல்போய்விட்டுத் தானே திரும்பி வருவது. 1685-இல் வந்த பிரெஞ்சு அடிமைச் சட்டமான கறுப்பர் சட்டமே ஒரு மாதம் கடந்தால்தான் காதை அறுக்கச் சொல்கிறது, ஆக அந்தச் சட்டத்துக்கே இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. இதைச் 'சிறு கட்டறுப்பு' என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். கயிறு அறுபடவே இல்லையே, கழுத்தில் கயிற்றோடுதான் போய்விட்டு வருகிறான். 'சொல்லாமற்போக்கு' என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற மாதிரி ஒலிக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், அதுவரை அந்தப் பத்தியைக் காலியாக விட்டு வைக்கிறேன்.