பேட்டரி செயின்சா: புகை வருது, செயின் கழலுது, ஒருமுறை முகத்துக்கு நேரா எகிறிடுச்சு. மெஷின் குறையா, என் கையா?

பேராவூரணி_தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னை. கஜா புயலில் பாதிக்கு மேல் சாய்ந்து, மறுபடி வைத்து வளர்த்த தோப்பு. பட்டுப்போன தென்னை ஐந்தாறு நிற்கிறது, நாலு மரம் படுத்துக் கிடக்கிறது, கிணற்றடியில் ஒரு வேம்பும் சாய்ந்திருக்கிறது. அறுக்க ஆள் கிடைக்கவில்லை என்று போன மாதம் பேட்டரி செயின்சா வாங்கினேன். 12 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு), இரண்டு பேட்டரி.

முதல் நாலு நாள் வாழைத்தண்டை அறுக்கிற மாதிரி இறங்கியது. இப்போது முழு பலத்தோடு அமுக்கினால்தான் இறங்குகிறது. தூள் மாவு மாதிரி கொட்டுகிறது, பாரில் புகை வருகிறது. நேற்று மட்டும் மூன்று தடவை செயின் கழன்றது. ஆயில் ஊற்றியிருக்கிறேன், வண்டி பட்டறையில் வாங்கிய பழைய எஞ்சின் ஆயில். அதைவிட பயம் என்னவென்றால், கிடந்த மரத்தை அறுக்கும்போது பார் சடாரென்று மேலே எகிறி என் தோளுக்கு மேல் போய் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்த அம்மா மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்கிறார். கடையில் கேட்டால் "செயின் மாத்துங்க" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மரவேலை_குமார்:

கழன்ற செயினைத் திரும்ப மாட்டும்போது தலைகீழாக மாட்டிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பாரின் மேல்பக்கம் ஓடுகிற பல்லின் கூர் பார் நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் இதே புகைதான் வரும்.

ஒரத்தநாடு_பெரியவர்:

தம்பி, மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனா நான் சொல்றதை முடிக்கிற வரைக்கும் அதைக் கையில எடுக்காதே.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா அடிச்சு ஓய்ஞ்ச அன்னைக்கு மிஷினைத் தூக்கினவன் நான். பெட்ரோல் மிஷின். அதுக்கப்புறம் பல மாசம் கீழே வைக்கலை. இப்ப மூணு வருஷமா பேட்டரியும் வச்சிருக்கேன். எனக்குக் காயம் பட்டது பெட்ரோல் மிஷின்ல இல்லை, பேட்டரியில. செயின்ல தென்னை நார் சிக்கியிருந்துது. மிஷினை மடியில அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இடது கையால நாரை இழுத்தேன். வலது உள்ளங்கை லாக் பொத்தானை அமுக்கியிருக்கு, விரல் சுவிட்சுல பட்டுடுச்சு. அரை நொடிதான். கையுறையோட நடுவிரல் நுனி கிழிஞ்சு மூணு தையல். பெட்ரோல் மிஷினை அணைச்சா, கயிறை இழுக்காம ஓடாது. பேட்டரி மிஷின் சத்தமில்லாம இருக்கும், ஆனா பேட்டரி உள்ள இருக்கிற வரைக்கும் எந்த நேரமும் ஓடத் தயாரா இருக்கு. அதனால செயின் இறுக்க, நார் எடுக்க, அரம் போட, ஆயில் ஊத்த, ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிட்டுப் போகன்னு எதுக்கா இருந்தாலும் முதல்ல பேட்டரியைக் கழட்டி இடுப்புப் பையில போடு. மிஷின் பக்கத்துல தரையில வைக்காதே, பையில போடு.

இப்ப உன் மிஷினுக்கு வருவோம். மாவு மாதிரி தூள் வந்தா பல் மழுங்கிப் போச்சுன்னு அர்த்தம். நல்ல பல்லுல துருவல் மாதிரி சீவல் சீவலா வரும். நீ கிடந்த தென்னையை அடிவரைக்கும் அறுத்து மண்ணைத் தொட்டிருப்பே. மண்ணுல ஒரு தடவை பட்டாப் போதும், அன்னைக்குத் தீட்டின பல்லு போயிடும். தென்னையோட வெளிச்சுத்து மரம் வேற வைரம் பாஞ்சது. முக்கால் ஆழம் அறுத்துட்டு நிறுத்து, கடப்பாரையால மரத்தை உருட்டு, மிச்சத்தை மேலேர்ந்து அறு.

உருட்டு அரம் வாங்கு. 3/8 லோ புரொஃபைல் செயின்னா 4 மில்லிமீட்டர். கால் இன்ச் செயின்ல ரகத்துக்கு ரகம் அளவு மாறும், அதனால செயின் பெட்டியைப் பாத்து வாங்கு. நிறைய செயின்ல பல்லு மேலேயே சாய்வுக் கோடு இருக்கும், அதுக்கு ஒப்பா அரத்தைப் பிடி, கிட்டத்தட்ட 30 டிகிரி. உள்ளேர்ந்து வெளிய தள்ளணும். திரும்ப இழுக்கிறப்ப அரம் பல்லுல படக்கூடாது. ஒரு பல்லுக்கு மூணு தள்ளுன்னா எல்லாப் பல்லுக்கும் மூணுதான். ஒரு பக்கம் கூடிட்டா அறுப்பு வளைஞ்சு போகும். நாலைஞ்சு தடவை தீட்டினப்புறம் பல்லுக்கு முன்னால இருக்கிற சின்ன மேட்டையும் பாரு. பல்லை விட 0.65 மில்லிமீட்டர் தணிஞ்சிருக்கணும். அதுக்குன்னு அளவுத்தகடு விக்குது, கண்ணால பாத்து ராவாதே. அதிகமா ராவிட்டா மிஷின் மரத்தைக் கடிச்சு உதறும்.

பழைய எஞ்சின் ஆயிலை இன்னைக்கே கொட்டு. அதுல இரும்புத்தூள் இருக்கு, ஆயில் போற சின்ன துளையை அடைக்கும். செயினுக்குன்னு விக்கிற ஆயில் பிசின் மாதிரி ஒட்டும், சுத்துற வேகத்துல தெறிச்சு ஓடாது. ஊத்தினதும் பாரைக் கழட்டி பள்ளத்தைப் பழைய ஹாக்சா பிளேடால சுரண்டி, துளையை மெல்லிய கம்பியால குத்திவிடு. திரும்ப மாட்டறப்ப பாரை மேல் கீழாத் திருப்பி மாட்டு, தேய்மானம் ரெண்டு பக்கமும் சமமா இருக்கும். அப்புறம் ஒரு வெள்ளை அட்டைக்கு நேரா, ஒரு சாண் தள்ளி, நுனியைக் காட்டி ஓட்டு. அட்டையில எண்ணெய்க் கோடு விழணும். விழலைன்னா அறுக்காதே. ஒவ்வொரு தடவை பேட்டரி மாத்தறப்பவும் ஆயில் மட்டத்தைப் பாரு.

செயின் இறுக்கம், ஆறின செயின்ல பார்க்கணும். பார் நுனியை மேலே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இறுக்கு. அடிப்பக்கம் தொங்கல் இருக்கக் கூடாது, கையுறை போட்ட கையால இழுத்தா சுலபமாச் சுத்தணும். சூட்டுல இறுக்கினா, ஆறினதும் செயின் சுருங்கிப் பாரைப் பிடிச்சுக்கும்.

எகிறினது மிஷின் குறை இல்லை. பார் நுனியோட மேல் கால்பாகம் எதிலயோ பட்டிருக்கு, கிடந்த மரத்துக்குப் பின்னால மட்டையோ இன்னொரு மரமோ இருந்திருக்கும். அந்த இடம் பட்டா செயின் மரத்தைக் கவ்வி, பாரை உன் முகத்துக்குத் தூக்கும். கண் இமைக்கிற நேரம் கூட கிடைக்காது. அதனால நுனி எங்க இருக்குன்னு எப்பவும் தெரிஞ்சு வச்சுக்க. இடது கை பெருவிரல் கைப்பிடிக்கு அடியில சுத்திப் பிடிச்சிருக்கணும். ஒத்தைக் கையில வேண்டாம், தோளுக்கு மேல வேண்டாம், ஏணியில வேண்டவே வேண்டாம். தினமும் முதல் அறுப்புக்கு முன்னால மிஷினை ஓட விட்டு, இடது மணிக்கட்டால முன் கைப்பிடிக்கு முன்னால நிக்கிற கைக்காப்பை (அதுதான் செயின் பிரேக்) முன்பக்கம் தள்ளிப் பாரு, செயின் டக்குனு நிக்கணும். லுங்கி, தோள் துண்டு எல்லாம் வீட்டுல. ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ், செயின்சாவுக்குன்னு விக்கிற கால் கவசம், இதெல்லாம் மிஷின் விலையோட சேர்த்தின்னு நினைச்சுக்க.

பேராவூரணி_தோப்பு:

ஐயா, ரொம்ப நன்றி. குமார் அண்ணே, செயின் சரியான பக்கம்தான் இருந்தது. பாரைக் கழற்றினேன். ஸ்பிராக்கெட்டை (செயினைச் சுற்றவைக்கிற பல்சக்கரம்) சுற்றி நாரும் கறுப்புப் பிசுக்கும் ஒரு உருண்டையாக இருந்தது, ஆயில் துளை மொத்தமாக அடைப்பு. ஒரு பல்லின் மூலை உருண்டே போயிருந்தது, நகத்தை வைத்தால் வழுக்குகிறது. சுத்தம் பண்ணி அட்டையில் பார்த்தேன், கோடு விழுகிறது. அரம் நாளைக்கு வாங்குகிறேன். எகிறிய இடத்தையும் போய்ப் பார்த்தேன். ஐயா சொன்ன மாதிரியே பின்னால் ஒரு மட்டைக் கட்டையில் பல் தடம் இருக்கிறது.

மல்லி_தோட்டம்:

தம்பி, பேட்டரி பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அறுத்து முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், நிழலில் ஆறட்டும். கத்திரி வெயிலில் வண்டிக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். நான் ஒரு மாதம் வேலையில்லாமல் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜோடு, ஆணி, சில்லறை எதுவும் படாத தனி டப்பாவில் வைப்பேன். உப்பின பேட்டரியைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் பேட்டரி பீரோவில், மெஷின் கொட்டகையில். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. இதில் சத்தமே இல்லாததால் வேலை நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை, ஓடி வந்துவிடுகிறார்கள். அறுக்கும்போது ஒரு பெரியவர் காவலுக்கு நிற்க வேண்டும்.

பேராவூரணி_தோப்பு:

சரி அக்கா, அப்படியே செய்கிறேன். ஐயா, கடைசியாக ஒன்று. படுத்துக் கிடக்கும் தென்னையில் ஒன்று வாய்க்காலுக்குக் குறுக்கே இருக்கிறது. இன்னொன்று வேரோடு பிடுங்கிக்கொண்டு மண்கட்டியோடு கிடக்கிறது. வேம்பு பக்கத்துத் தென்னையில் சாய்ந்து நிற்கிறது. இவற்றை நானே அறுக்கலாமா?

ஒரத்தநாடு_பெரியவர்:

வாய்க்கால் மரம் ரெண்டு கரையிலயும் தாங்கி நடுவுல தொங்குது. அப்ப மேல்பக்கம் அமுங்கியிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலேர்ந்து மூணுல ஒரு பங்கு அறு, பிறகு அடியிலேர்ந்து மேல்நோக்கி முடி. அடியிலேர்ந்து அறுக்கறப்ப மிஷின் உன்னைப் பின்னால தள்ளும், காலை அகட்டி நில்லு. ஒரு முனை மட்டும் தாங்கியிருக்கிற மரத்துக்கு அப்படியே மாத்து, முதல்ல அடியில. எப்பவும் அமுங்கின பக்கம் முதல்ல. முதல்லயே இழுபட்ட பக்கத்துல போனா மரம் வெடிச்சுப் பிளந்து அடிக்கும்.

மண்கட்டியோட கிடக்கிறதுல ரொம்ப கவனம். மரத்தை அறுத்து எடைபோனதும் தூர் நிமிர்ந்து குழிக்குள்ள திரும்ப உக்காரும். கஜா சமயத்துல என் கண் முன்னாலயே பட்டுக்கோட்டைப் பக்கம் ஒண்ணு அப்படி உக்காந்துது. அந்தக் குழியில கொஞ்சம் முன்னாடி ஒரு பையன் இறங்கி நின்னு பீடி பத்த வச்சுக்கிட்டிருந்தான். குழிக்குள்ளயும் தூருக்குப் பின்னாலயும் யாரும் இல்லைன்னு பாத்துட்டு, தூரைக் கயித்தால கட்டிப் பிடிச்ச பிறகு அறு. முதல் தடவை தனியாச் செய்யாதே.

வேம்பைத் தொடாதே. ஒண்ணுல மாட்டி நிக்கிற மரம் எந்தப் பக்கம் வருதுன்னு எனக்கே சொல்ல முடியாது. தாங்கி நிக்கிற தென்னையையும் அறுக்காதே, அதுக்கடியில நடமாடவும் வேண்டாம். அடிமரத்துல நீளக் கயிறு போட்டு, தூரத்துலேர்ந்து டிராக்டரால இழுத்துக் கீழே இறக்கினப்புறம் அறுத்துக்கலாம். கிணத்தடியில கரண்டுக் கம்பி போகுதா? போட்டோ எடுத்துப் போடு, அதைப் பாத்துட்டுச் சொல்றேன்.