ஐகான்: படிமமா, திருப்படமா?

அன்பின் நண்பர்களுக்கு,

வடகிரேக்கத்தில் ஏரிக்கரையில் இருக்கும் காஸ்தோரியாவின் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசுக் கால) அருங்காட்சியகத்துக்குப் போய்வந்து அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். சின்ன இடம்தான், ஆனால் அங்கே முக்கியமானவை எல்லாம் மரப்பலகையில் தீட்டிய ஐகான்கள், அதாவது வணக்கத்துக்குரிய கிறிஸ்தவப் படங்கள்; இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் இல்லாமல் ஒரு பத்தியும் நகரமாட்டேன் என்கிறது.

'படவுரு' கணினித் திரைக்குப் போய்விட்டது, அதை விட்டுவிடலாம். 'படிமம்' எனக்குப் பிடித்த சொல். ஆனால் செப்புப் படிமம், ஐம்பொன் படிமம் என்று சொல்லிச் சொல்லி, கேட்டவுடன் வார்த்தெடுத்த சிலைதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் வணக்கம் பெறுவதோ பெரும்பாலும் தட்டையான ஓவியம், சிலை அபூர்வம். நம்மூர் கத்தோலிக்கர்களும் சிலையைத்தான் சுரூபம் என்பார்கள், படத்தைப் படம் என்றே சொல்வார்கள். அதனால் 'திருப்படம்' என்று வைக்கலாமா?

அங்குள்ள 12ஆம் நூற்றாண்டுப் பலகை ஒன்றில் இதைப் பொருத்திப் பார்த்தேன். முன்பக்கம் குழந்தையை ஏந்திய மரியா, புருவம் நெரிந்து, வரப்போவது தெரிந்த தாயின் முகம். பின்பக்கம் இறந்த இயேசு, கண்மூடி, தலை தோளில் சாய்ந்து. ஊர்வலத்தில் தூக்கிப்போவதற்குத்தான் இப்படி இரண்டு பக்கமும் தீட்டுவார்கள், நம் உற்சவர் மாதிரி. இதை 'இருமுகத் திருப்படம்' எனலாம், ஊர்வலத்துக்கான வகைக்குப் பொதுவாக 'உலாத் திருப்படம்'. உங்கள் கருத்து வேண்டும்.

*

மறுமொழி:

ஐயா, உலாத் திருப்படம் அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 'இருமுகம்' மட்டும் வேண்டாம், ஒரே பக்கத்தில் இரண்டு முகம் என்று படித்துவிடுவார்கள், 'இருபுறத் திருப்படம்' போதும்.

அப்புறம், 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசில் இந்தப் படங்களே கூடாது என்று நடந்து 843இல் ஓய்ந்த போராட்டத்துக்கும் சேர்த்தே சொல் பார்க்க வேண்டும். 'படிம உடைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அதன் தலைநகர் கான்ஸ்தாந்திநோப்பிளின் (இன்றைய இஸ்தான்புல்) ஹாகியா ஐரீன் தேவாலயத்தை 740 நிலநடுக்கத்துக்குப் பிறகு திரும்பக் கட்டியபோது பீடத்துக்கு மேலே வெறும் சிலுவையைத்தான் வைத்தார்கள், உடைப்பதற்கு அங்கே படமே இல்லை. அதனால் 'திருப்பட மறுப்பு' என்பதுதான் சரி. 'திரு' என்பது மறுத்தவர்களின் சொல் அல்ல என்று யாராவது சொல்லக்கூடும், ஆனால் எதை மறுத்தார்கள் என்பது அந்தத் 'திரு'வில்தான் இருக்கிறது, சாதாரண ஓவியத்தோடு அவர்களுக்குச் சண்டை இல்லை.