நடுச்சாமத்தில் தாச்சி கேட்டு வந்தவர்

வெள்ளவத்தைவாசி

மலைநாட்டுப் பங்களாக்களில் தங்கியவர்கள் பெரும்பாலும் ஆவியைப் பற்றியும் அட்டைக்கடியைப் பற்றியும்தான் எழுதுகிறார்கள். எனக்கு நேர்ந்தது வேறு. இத்தனை வருடங்களாகியும் தை மாதம் பிறந்தால் நித்திரை கெடுகிறது.

2016இல் பொங்கல் வெள்ளிக்கிழமையில் வந்தது. மூன்று நாள் விடுமுறைக்கு நாங்கள் எட்டுப் பேரும் கோட்டையில் காலை ரயிலேறி, பட்டிப்பொலவுக்கு அப்பால் வரும் சுரங்கத்துக்குள் பிள்ளைகள் கூச்சலிட, பின்னேரம் ஒஹியவில் இறங்கினோம். பங்களாவை விவரிக்கத் தேவையில்லை. துரைமார் காலத்துத் தகரக் கூரை, பலகைத் தரை, கைபேசிக்குச் சிக்னல் இல்லை, அவ்வளவுதான். புகைபோக்கி அடைபட்டிருப்பதால் கணப்படுப்பை மூட்ட வேண்டாம் என்று ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகளோ பனி பார்க்க வந்தவர்கள். வானத்தில் ஒரு முகிலும் இல்லை, இலை அசையவில்லை, விறாந்தைத் தூணில் மாட்டியிருந்த வெப்பமானி இரவு பத்து மணிக்கே 2 பாகைக்கு இறங்கியிருந்தது.

முற்றத்தில் கோழி வாட்டிய தணல் மிச்சமிருந்தது. யோசனை மச்சானுடையது, செய்தது நான்தான். பின்பக்கக் குசினியில் கிடந்த ஒரு பெரிய இரும்புத் தாச்சியில் தணலை அள்ளி, மேலே இரண்டு கை கரியைப் போட்டு, மாமியும் பிள்ளைகளும் படுத்திருந்த அறையின் நடுவில் ஓர் ஓட்டுத்துண்டின் மேல் வைத்தேன். புகையும் இல்லை, மணமும் இல்லை, அறை இதமாகிவிட்டது. ஜன்னல் இடுக்குகளில் துவாய்களைச் செருகிக் குளிர்காற்றை அடைத்ததும் நான்தான். சற்று நேரத்தில் மாமி தலை இடிக்கிறதென்றார். ரயில் களைப்பு என்று பனடோல் கொடுத்தோம். சின்னவள் வாந்தியெடுத்தாள், கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்றோம்.

இரண்டு மணி இருக்கும், கதவை உடைப்பதுபோல் யாரோ தட்டினார்கள். திறந்தால், காவல்காரரின் மனைவி தலையில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு வெறுங்காலுடன் நிற்கிறார். கேட்டது ஒரே கேள்விதான்: “தாச்சி எங்க? தாச்சி எங்க?”

“சாமத்திலை சட்டி கேட்கவே வந்தனி?” என்று நான் உறுமினேன். அவர் என்னைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய், சாக்கைக் கையில் சுற்றித் தாச்சியைத் தூக்கி, விறாந்தையைக் கடந்து அப்படியே புல்லின்மேல் எறிந்தார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல ஒரு நீண்ட சீறல். திரும்பி வந்து துவாய்களைப் பிடுங்கி, இறுகிக் கிடந்த ஜன்னல்களைக் குத்தித் திறந்தார். காசு கொடுத்துத் தங்குகிறவர்களிடம் இப்படி நடப்பதா, விடியட்டும், மேலிடத்தில் சொல்கிறேன் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். “சொல்லுங்க ஐயா. மொதல்ல புள்ளைங்கள வெளிய தூக்கிட்டு வாங்க” என்றார்.

விடிந்தபோது புல்வெளி முழுவதும் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்திருந்தது. நடுவில் மட்டும் பாயளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். பிள்ளைகள் வெள்ளையைப் பார்த்துத் துள்ளினார்கள், மாமிக்குத் தலையிடி விட்டிருந்தது. நான் சொன்னபடியே முறைப்பாடு செய்துவிட்டுத்தான் வேனில் ஏறினேன். மூடிய அறையில் கரி எரித்து உறங்கிய ஒரு குடும்பத்தைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்தது அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு. அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவேயில்லை.


கந்தப்பளையான்

முதலில் ஒரு திருத்தம். இலங்கையில் பனி பெய்வதில்லை. நீங்கள் பார்த்தது உறைபனி. தமிழில் காலைப் பனித்துளிக்கும், மலையை மூடும் பனிமூட்டத்துக்கும், ஐரோப்பாவில் கொட்டுவதற்கும் ஒரே சொல் இருப்பதால் ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் குழம்புகிறார்கள். அதோடு, 2 பாகையில் நீர் உறையாது; உங்கள் வெப்பமானி பழுது.

எனக்கு உறைபனி என்றால் உருளைக்கிழங்குப் பாத்திதான் நினைவுக்கு வரும். அப்பா மூன்று மணிக்கு எழுப்பிவிடுவார். வெயில் படுவதற்குள் இலையிலிருந்து அதைத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் பத்து மணிக்குள் செடி வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிவிடும். ஒரு வருடம் எங்களால் பாதித் தோட்டத்துக்குத்தான் தண்ணீர் எட்டியது. விடியும் நேரம் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய குடும்பம், வெளுத்துக் கிடந்த மற்றப் பாதிக்குள் பிள்ளைகளை நிறுத்திப் படம் பிடித்தது. “எவ்வளவு வடிவு!” என்று அந்த அம்மா என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா கையில் காலி வாளியோடு நின்று, ஆமாம் என்று தலையாட்டினார். ஏன் ஆமாம் என்றார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.


ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

கந்தப்பளையானுக்கு: வெப்பமானி பழுதில்லை. அது கூரைக்குக் கீழே, ஆள் உயரத்தில், காற்றின் வெப்பநிலையைக் காட்டுகிறது. புல்லோ திறந்த வானத்துக்குக் கீழே கிடக்கிறது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடப் பல பாகை குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று பாரமாகையால் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே விறாந்தையில் 2 பாகையும் புல்லில் உறைபனியும் ஒரே நேரத்தில் இருக்கலாம். உங்கள் அப்பா மேட்டுப் பாத்தியை விட்டுவிட்டுப் பள்ளத்துப் பாத்திக்கு முதலில் தண்ணீர் ஊற்றியிருப்பார் என்று நினைக்கிறேன்.

என் அனுபவம் சிறியது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாவதற்கு முன், அங்கிருந்த பழைய விடுதியில் மனைவி மக்களுடன் ஓர் இரவு தங்கினேன். விழித்தபோது ஜன்னல் கண்ணாடியில் தட்டளவு ஆவிப் படலம் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. மகன்தான் எழுப்பிவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மரை நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது போன பிறகும் வட்டம் கொஞ்ச நேரம் இருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் வெள்ளவத்தைவாசி எழுதியதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது தெரியும், சொல்லிவிடுகிறேன். கரி போதிய ஒட்சிசன் இல்லாமல் எரியும்போது காபனோரொட்சைட்டு வாயு உண்டாகிறது. சுவாலை அடங்கிக் கனிந்து சிவந்திருக்கும் கரியைப் பார்த்து, புகை போய்விட்டது, இனி உள்ளே எடுக்கலாம் என்று நினைக்கிறோமே, ஆபத்து அப்போதுதான். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் அது இணைவதால், மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே உடலுக்கு ஒட்சிசன் கிடைக்காமல் போகிறது. உறங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம். ஒரே அறையில் ஒருவருக்குத் தலையிடி, இன்னொருவருக்கு வாந்தி, வெளியே வந்ததும் இருவருக்கும் சுகம் என்றால் அது கோழியும் இல்லை, ரயில் களைப்பும் இல்லை. குளிசை கொடுத்துப் படுக்கவைப்பது மிகத் தவறு. உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும், சிக்னல் இல்லாவிட்டால் யாரையாவது ஓடவிட வேண்டும். சுகமாகிவிட்டதென்று தோன்றினாலும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்பாரும் உண்டு. போதாது. எரிவாயுவில் தண்ணீர் சூடாக்கும் கருவி குளியலறைக்குள் இருந்தாலும், மூடிய கராஜில் வாகனத்தை ஓடவிட்டாலும் இதே கதைதான். குளிரென்றால் கம்பளிக் காலுறை போடுங்கள், வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் போர்வைக்குள் வையுங்கள், எல்லோரும் ஒரே கட்டிலில் நெருங்கிப் படுங்கள். அடிக்கடி மலைக்குப் போகிறவர்கள் இந்த வாயுவைக் கண்டால் ஒலியெழுப்பும் சிறிய மின்கலக் கருவி ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.


ஹற்றன் தம்பி

அண்ணன்மார் பனியா உறைபனியா என்று சண்டை பிடிப்பதால் சொல்கிறேன், நான் அசல் பனியையே பார்த்தவன். அக்கா சுவிற்சர்லாந்தில் இருக்கிறார். ஒரு டிசம்பரில் அத்தானின் வாகனத்தில் மலையுச்சியில் ஒரு மரவீட்டுக்குப் போனோம். இரவோடிரவாகப் பாதை மூடிவிட்டது, இரண்டு நாள் அசைய முடியவில்லை. வாகனத்தை எடுக்கும்போது அத்தான் முதலில் பின்னால் போய், புகை வெளியேறும் குழாயைச் சுற்றியிருந்த பனியைக் கையால் தோண்டி அகற்றினார். அதுவும் ஆசிரியர் சொல்லும் வாயுவுக்காகத்தான் என்று இன்றுதான் புரிகிறது.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த முதல் இரவு. சத்தமே இல்லாததால் விழித்துக்கொண்டேன். புதுப்பனி ஒலியை உறிஞ்சிவிடுமாம். எங்கள் லயத்தில் எந்தச் சாமத்தில் விழித்தாலும் பீலித் தண்ணீர் விழும், நாய் குரைக்கும், பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமுவார்கள். அங்கே என் காது செத்துவிட்டதோ என்று பயந்து, விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிப் பார்த்தேன்.


வாட்சர் மகள்

என் அப்பா 22 வருடம் ஒரு பங்களாவில் வாட்சராக இருந்தார். எது என்று சொல்ல மாட்டேன். தை, மாசியில் வருகிற ஆட்கள், “நாளைக்குப் பனி விழுமா?” என்று அப்பாவைத்தான் கேட்பார்கள், ஏதோ அவர் கையில் இருப்பதுபோல. விழுந்த நாட்களில் ஐந்தரைக்கு எழும்பி, அவர்களுடைய பிள்ளைகளை டோர்ச் வெளிச்சத்தில் பள்ளத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுவார். ஒரு சின்னப் பெண் தன் சாப்பாட்டுப் பெட்டி நிறையப் புல்லோடு வழித்து எடுத்துக்கொண்டு, கொழும்புக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னாள். எனக்கும் அவள் வயதுதான். அது தண்ணீராகிவிடும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அவள் பெட்டியைத் திறந்து பார்க்கும் நேரம் எந்த ஸ்டேஷன் வந்திருக்கும் என்று அன்று முழுவதும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் தணலை அறைக்குள் வைத்து உறங்கக் கூடாது என்பது லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே சொல்லிக்கொடுக்கப்படுவது. ஒரே காம்பராவில் சமைத்து, அதிலேயே படுக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது. தெரியாதது பங்களாவுக்கு வருகிறவர்களுக்குத்தான்.

வெள்ளவத்தை அண்ணனிடம் இரண்டு விஷயம். உங்களைவிட வயது கூடியவரோ குறைந்தவரோ தெரியாத ஒரு பெண்ணை அந்த நேரத்தில் “வந்தனி” என்று கேட்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மற்றது, அவர் வந்தது சட்டிக்காக இல்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஆனால் சட்டியைத்தானே முதலில் கேட்டார்? எங்கள் அம்மாவும் சாமத்தில் தம்பிக்குப் பால் காய்ச்சக் குசினிக்குப் போவார். சுவரில் எது எங்கே தொங்குகிறதென்று விளக்கில்லாமலே கைக்குத் தெரியும். அந்த இடத்தில் தாச்சி இல்லையென்றால், முற்றத்தில் தணலும் இல்லையென்றால், அது எங்கே இருக்கிறதென்று யோசிக்க எவ்வளவு நேரமாகும்? பின்குசினியில் இருக்கிற பாத்திரமெல்லாம் பங்களாவுடையது இல்லை, அண்ணா. அது பெரும்பாலும் அவருடைய சொந்தத் தாச்சி. சூடான வார்ப்பிரும்பை உறைபனியில் எறிந்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். காலையில் அதைப் பார்த்தீர்களா?


வெள்ளவத்தைவாசி

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு இரண்டு நாளாகப் பதில் எழுத வரவில்லை.

பார்த்தேன். கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் இரண்டு துண்டாகக் கிடந்தது. பிள்ளைகள் காலை வெட்டிக்கொள்வார்கள் என்று மச்சான் அதைக் காலால் மதிலோரம் ஒதுக்கினார்.

அன்று காலை அந்தப் பெண்தான் எங்களுக்கு ரொட்டி சுட்டுத் தந்தார். மாமிக்கு வெந்நீர் கேட்டுக் குசினிக்குப் போனபோது, அடுப்பின் மேல் ஒரு பிஸ்கட் டின்னின் மூடியைக் கவிழ்த்து வைத்து அதில் சுட்டுக்கொண்டிருந்தார். மூடியில் அச்சடித்திருந்த ரோசாப்பூ பாதி எரிந்து மீதி தெரிந்தது. ஏன் அதில் சுடுகிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மேசைக்கு வந்த ரொட்டி நடுவில் வேகாமலும் ஓரத்தில் கருகியும் இருந்தது. சரியில்லையென்று இரண்டைத் திருப்பி அனுப்பியதும் நான்தான்.