நடுவர் குழு தேர்ந்த அச்சோவியங்கள்: நேரில் பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

பொத்தோங் பாசிர்வாசி:

செதுக்கிய பலகையிலோ கீறிய தகட்டிலோ மை தடவித் தாளில் எடுக்கும் அச்சோவியங்களுக்கென்றே நடுவர் குழு தேர்ந்தெடுத்து வைத்த தற்காலக் கலைக் கண்காட்சி ஒன்றுக்கு என் மாமனாரை அழைத்துச் சென்றிருந்தேன். சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்த ஓர் அச்சகத்தில், ஈய எழுத்துக் காலம் முடிந்து ஆப்செட் வரும்வரை அச்சுக்கோத்தவர் அவர். ஓவியம் பார்க்கப் போகலாம் என்று சொல்லியிருந்தால் மறுத்திருப்பார். அச்சு என்றதும் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அவர் பார்த்த விதமே வேறாக இருந்தது. மற்றவர்கள் சற்றுத் தள்ளி நின்று உருவத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஓரங்களை மட்டுமே பார்த்தார். லினோலியப் பலகையைச் செதுக்கி அச்சிட்ட பல வண்ண லினோகட் ஒன்றின் முன் நெடுநேரம் நின்றவர், "மாப்பிள்ளை, ரிஜிஸ்டர் எங்கேயும் தப்பவில்லை. மஞ்சள் மேல் பச்சை மயிரிழைதான் ஏறியிருக்கிறது" என்றார். வண்ணங்கள் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்துவதைத்தான் ரிஜிஸ்டர் என்பார்கள். அங்கிருந்த தொண்டூழியர், அது முழுவதும் ஒரே பலகையில் செய்யப்பட்டது என்று விளக்கினார். முதலில் வெளிர் வண்ணத்தை எல்லாத் தாள்களிலும் அச்சிட்டுவிட்டு, அந்த வண்ணம் நிற்க வேண்டிய இடங்களைப் பலகையிலிருந்து செதுக்கி எடுத்த பிறகே அடுத்த வண்ணத்தைத் தடவுவார்களாம். இப்படியே போய் கடைசி வண்ணத்தில் பலகையின் பெரும்பகுதி மறைந்திருக்கும் என்பதால், எத்தனை பிரதிகள் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும், பிறகு ஒரு தாள்கூடக் கூடுதலாக எடுக்க வழியில்லை. "பிளாக்கைத் தின்றுகொண்டே போகிற வேலையா!" என்று மாமா வியந்துபோனார்.

படத்தின் அடியில் பென்சிலால் 7/20 என்று எழுதியிருந்ததுதான் அவரை உறுத்தியது. இருபதில் ஏழாவது என்றால் முதலாவது இதைவிட உயர்ந்ததா என்று கேட்டார். பெரும்பாலான முறைகளில் எண்ணுக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை என்றும், அச்சிட்ட வரிசையிலேயே எண் இட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்றும் அந்தத் தொண்டூழியர் சொன்னார். டிரைபாயின்ட் போன்ற சில முறைகள் விதிவிலக்கு. டிரைபாயின்ட்டில் செப்புத் தகட்டை ஊசியால் கீறும்போது கோட்டோரம் எழும்பும் உலோகப் பிசிறுதான் மையைப் பிடித்து அந்த வெல்வெட் போன்ற கோட்டைத் தருகிறது; அழுத்தத்தில் அது விரைவாகத் தேய்ந்துவிடுவதால் முதலில் எடுத்த தாள்களே செழுமையாக இருக்கும். தேய்ந்த எழுத்தோடு காலம் தள்ளிய மனிதருக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அச்சறை மாணவி:

அண்ணா, உங்கள் மாமனாரைப் போன்றவர் நடுவர் குழுவில் இருந்தால் நன்றாக இருக்கும். இத்தகைய கண்காட்சிகளுக்கு நாங்கள் முதலில் அனுப்புவது அச்சோவியத்தை அன்று, அதன் ஒளிப்படத்தை. நடுவர்கள் படைப்பாளியின் பெயர் மறைக்கப்பட்ட கோப்புகளைத் திரையில் பார்த்தே பெரும்பாலானவற்றைக் கழிக்கிறார்கள். சில கண்காட்சிகளில் மட்டுமே மிஞ்சியவற்றை வரவழைத்துத் தாளைக் கையில் எடுத்துப் பார்க்கும் இரண்டாம் சுற்று உண்டு. வெளிநாடுகளிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதனால் உரத்த வண்ணமும் தடித்த வடிவமும் கொண்ட வேலைகள் எளிதில் தேறிவிடுகின்றன என்பதே என் எண்ணம்.

இதே கண்காட்சியில் மெஸ்ஸோடின்ட் ஒன்று இருந்தது. அந்த முறையில் தகடு முழுவதையும் பற்கள் கொண்ட கருவியால் சொரசொரப்பாக்கினால் அது அடர்ந்த கருமையாக அச்சாகும். பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களைச் சுரண்டியும் மெருகேற்றியும் இருளிலிருந்து உருவத்தை வெளிக்கொணர்வார்கள். அந்தக் கருமைக்கு நேரில் ஓர் ஆழம் இருக்கிறது. கைப்பேசியில் அது வெறும் கறுப்பு. மை இல்லாமல் வெறும் அழுத்தத்தால் வெள்ளைத் தாளில் புடைப்பாக எழுந்த இன்னொரு வேலை, கண்காட்சிப் படப்பட்டியலில் காலித்தாள் போலவே காட்சியளித்தது. பக்கவாட்டு விளக்கு விழும் இடத்தில் நின்றபோதுதான் அதில் வரிவரியாக ஒரு வயல் தெரிந்தது. சாய்வொளியில் எடுத்த நெருக்கப் படம் ஒன்றையும் விண்ணப்பத்தோடு கட்டாயமாகக் கேட்கலாம். அதற்குச் செலவேதும் இல்லை.

நம் ஊர்க்காற்றைப் பற்றியும் ஒரு வரி. ஈரம் ஏறினால் தாள் விரியும், குளிர்சாதன அறையில் சுருங்கும். முதல் வண்ணத்தை ஓரிடத்திலும் இரண்டாவதை வேறிடத்திலும் அச்சிட்டால் உங்கள் மாமனார் மெச்சிய அந்த ரிஜிஸ்டர் நிற்காது.

தெம்பனிஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

இளையவர்கள் எழுதியதைப் படித்தேன். அச்சோவியம் சிங்கப்பூருக்குப் புதிதன்று என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். 1950களிலும் 60களிலும் இங்கு மரச்செதுக்கு அச்சு வலுவாக இருந்தது. டான் டீ சீ 1955இல் செதுக்கிய வேலைநிறுத்தக் காட்சியையும், 1961இல் ஏறத்தாழ 16,000 பேரை வீடிழக்கச் செய்த புக்கிட் ஹோ ஸ்வீ தீயைப் பற்றி லிம் யூ குவான் 1966இல் செய்த மரச்செதுக்கையும் பார்த்தவர்களுக்கு, கறுப்பு வெள்ளையில் மட்டும் எவ்வளவு சொல்ல முடியும் என்பது விளங்கும். அந்தத் தலைமுறைக்கு அச்சு என்றால் பலரையும் சென்றடையும் படம். இன்று நாம் பார்க்கும் கண்காட்சியிலோ இருபது பிரதிகளோடு நிறுத்திக்கொள்வதுதான் மதிப்பு. இந்த முரண் எனக்குச் சற்றுக் கசப்பாகவே இருக்கிறது.

எனினும் அச்சோவியக் கலைஞர் சிங் சியோக் டின்னை நினைத்தால் கசப்பு குறைகிறது. 1988இல் பார்வையின் பெரும்பகுதியை இழந்த பின்னும் அச்சுக்கலையை விடாமல் தொடர்ந்து, 2005இல் நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றவர் அவர். 2019இல் மறைந்தார். இக்கலையில் கைக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறைவானதன்று என்று நான் நம்புவதற்கு அவரே காரணம். ராபர்ட்சன் கீயில் பழைய கிடங்கு ஒன்றில் 2002இல் தொடங்கிய எஸ்டிபிஐ என்ற அச்சுக்கலைக் கூடத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். அமெரிக்க அச்சு வல்லுநர் கென்னத் டைலரின் துணையோடு அமைந்த இடம். அச்சு இயந்திரங்களோடு, தாள் செய்யும் பட்டறையும் அங்கேயே உண்டு.

ஈசூன்வாசி:

நான் அந்தக் கண்காட்சியில் ஒன்றை வாங்கினேன், அதனால் வாங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரே படத்தின் கீழே வரிசையாகப் பல சிவப்பு வட்டங்கள் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டு என் மனைவி, ஒரு படத்தை இத்தனை பேருக்கு எப்படி விற்கிறார்கள் என்று திகைத்தார். ஒவ்வொரு வட்டமும் விற்றுப்போன ஒரு பிரதி. சுவரில் உள்ளது கண்காட்சி முடியும்வரை அங்கேயே இருக்கும். நமக்குச் சட்டமிடாத இன்னொரு தாளைத் தருவார்கள்.

ஓவியத்தைப் படமெடுத்து இங்க்ஜெட்டில் நகலெடுத்ததற்கும் கைப்பட அச்சிட்டதற்கும் உள்ள வேறுபாட்டை விற்பவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் எட்சிங் என்றால் தகடு அழுந்திய தடம் படத்தைச் சுற்றிப் பள்ளமாகத் தெரிய வேண்டும். ஆனால் அந்தத் தடத்தையும் பொய்யாக ஏற்படுத்த முடியும் என்பதால், பூதக்கண்ணாடியில் படம் முழுதும் நுண்ணிய வண்ணப் புள்ளிகளாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

சட்டமிடும் கடையில் அமிலமற்ற அட்டை கேட்டேன். தாள் கண்ணாடியைத் தொடாதபடி இடைவெளியும் விடச் சொன்னேன். இந்த ஊர் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் மாலை வெயில் நேராக விழுவதால், படம் படுக்கையறைக்குச் செல்லும் நடையில் மாட்டப்பட்டிருக்கிறது. வரும் விருந்தினர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை என்பதில் மனைவிக்கு இன்னும் வருத்தம்தான்.