பிளாக்கி பையனைக் காப்பாற்றியதா, காட்டுக்குள் இழுத்துப் போனதா?

தண்ணீர்மலை அம்மா (புதன், இரவு 9.12)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பதினோரு நாளாகச் சண்டை ஓயவில்லை. வெளியாட்கள் சொன்னாலாவது தெளிவு வரும் என்று இங்கே எழுதுகிறேன்.

மகனுக்கு 15 வயது, படிவம் 3. பிளாக்கி என்று ஒரு கம்பத்து நாய், அதாவது நாட்டு நாய். நான்கு வருஷத்துக்கு முன் மார்க்கெட் பின்னால் குட்டியாகக் கிடந்ததை அவன்தான் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தான். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, மதியம் 3 மணிக்கு, இரண்டு பேரும் மூன் கேட் என்ற நுழைவாயில் வழியாகப் பினாங்குக் கொடிமலை ஏறப் போனார்கள். 84 ஓய்விடம் வரைக்கும் போய்விட்டு 6 மணிக்குள் வந்துவிடுகிறேன் என்றான். 4 மணிக்கு மேல் நல்ல மழை. இறங்கும்போது காட்டுப்பன்றி ஒன்று குறுக்கே ஓட, பிளாக்கி கயிற்றை உருவிக்கொண்டு அதன் பின்னால் பாய்ந்திருக்கிறது. இவன் பிளாக்கியின் பின்னால். நாயைப் பிடித்தபோது பாதை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லையாம். கைப்பேசியில் 8 விழுக்காடு பேட்டரி. அந்த ஓடைப் பள்ளத்தில் அலைவரிசையும் இல்லை.

இரவு 8 மணிக்கு 999க்கு அழைத்தோம். மறுநாள் காலை 8.40க்குத்தான் கிடைத்தான். போம்பா (தீயணைப்பு மீட்புப் படை) ஆட்களும், தினமும் அந்த மலை ஏறும் சீனப் பெரியவர்கள் சிலரும் தேடினார்கள். பிளாக்கி குரைத்த சத்தத்தை வைத்துத்தான் பள்ளத்தில் இறங்கினார்கள். கீழே கொண்டு வந்தபோது மகன் நாய்க்கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றியிருந்தான். தோல் சிவந்து தடித்துப் போயிருந்தது. "விடுடா" என்றால் விடவில்லை.

என் வீட்டுக்காரர் நாயைக் கூலிம் தோட்டத்தில் இருக்கும் கொழுந்தனிடம் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். என் தம்பியோ அது நாயில்லை, பைரவர் என்கிறான். மகன் அடுத்த மாதம் மறுபடியும் ஏறப் போகிறேன் என்கிறான். நான் என்ன செய்ய?

பட்டர்வொர்த் மாமா (புதன், இரவு 9.40)

தங்கச்சி, உன் தம்பி சொன்னதுதான் சரி. அந்த நாயை வீட்டை விட்டு அனுப்பினால் பாவம் சேரும்.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. கள்வர்களோடு சண்டையிட்டு விழுந்த வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்திலேயே நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள்: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் இருக்கிறது. 1,400 வருஷமாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது என்றால் நம் முன்னோர் அந்த விசுவாசத்தை எப்படி மதித்திருக்க வேண்டும்! உன் வீட்டுப் பிளாக்கி இரவு முழுக்கப் பிள்ளையை விட்டு நகரவில்லையே. அது போதாதா? நகர்ந்திருந்தால், அது குரைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

மலையேறி (புதன், இரவு 10.25)

மாமா, கோவிவன் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கல்லை ஏன் நட்டார்கள்? அந்த வீரன் செத்துப் போனான், அதனால். நாய் விசுவாசமாகத்தான் நின்றது. ஆள் பிழைக்கவில்லை. விசுவாசமும் காப்பாற்றுவதும் ஒன்று என்று நினைப்பதுதான் இங்கே ஆபத்து.

நான் 22 வருஷமாகக் கொடிமலை ஏறுகிறேன். அக்கா எழுதியதை மறுபடியும் படித்துப் பாருங்கள். பையன் பாதையை விட்டது எதனால்? நாயால். கயிறு சரியாக இருந்திருந்தால் 6 மணிக்கு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பான். "நாய்க்கு வழி தெரியும்" என்று நம்பிப் போகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். நாய்க்குத் தான் வந்த வழியின் வாசனை தெரியும். ஒரு மணி நேரம் மழை அடித்துவிட்டால் அதுவும் பாதி போய்விடும். அதோடு, நாய் தன் உடம்பு நுழைகிற வழியாகப் போகும். அதன் பின்னால் போகிற மனுஷன் ரோத்தான் (பிரம்புக் கொடி) முள்ளில் மாட்டுவான், இல்லையென்றால் பாறை விளிம்பில் நிற்பான்.

இன்னொன்று. நம் ஆட்களிடம் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது: தொலைந்தால் ஆற்றோடு போ, ஊர் வரும். தோட்டத்துச் சமவெளிக்கு அது சரி. நம் மலையில் ஓடைகள் பாறையில் செங்குத்தாக விழுகின்றன. தண்ணீர்மலைக்கு அந்தப் பெயர் சும்மாவா வந்தது? மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடித்தாலும் திடீரென்று வெள்ளம் உருண்டு வரும். மலாய்க்காரர்கள் அதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். இரவில் ஓடையோடு நடந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

பையன் பிழைத்ததற்கு ஒரே காரணம், இருந்த இடத்திலேயே இருந்தான். அந்தப் பெருமையை நாய்க்குக் கொடுத்தால், அடுத்த முறையும் நாயை நம்பித்தான் போவான்.

செந்தூல் நாய்வீடு (வியாழன், காலை 7.05)

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். தெருநாய்களை எடுத்து வளர்ப்பது எங்கள் வீட்டு வேலை. இப்போது ஒன்பது இருக்கின்றன.

மலையேறி அண்ணே, கயிறு விஷயத்தில் உங்களோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். கழுத்துப் பட்டையைக் கம்பத்து நாய் தலையைப் பின்னால் இழுத்தே உருவிவிடும். மார்போடு கட்டுகிற வார்தான் போட வேண்டும். ஆனால் இரவு முழுக்க அந்த நாய் ஒன்றும் செய்யவில்லை என்பது போல எழுதியிருக்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நாயின் உடம்புச் சூடு 38, 39 டிகிரி. மழையில் நனைந்த சட்டையோடு மலைக்காற்றில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் நம் வெப்ப நாட்டிலும் உடம்பு குளிர்ந்து விறைக்கும். கை நடுங்கும், அப்புறம் புத்தி தடுமாறும், அப்போதுதான் எழுந்து தப்பான பக்கம் நடப்பார்கள். 18 கிலோ நாய் ஒன்று மடியில் படுத்திருந்தால் அது போர்வைதான்.

அக்கா, இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி. பையன் ஓடைத் தண்ணீர் குடித்தானா? காலில் அட்டைக்கடி, முள் கீறல் இருந்ததா? காட்டு ஓடையில் எலிச் சிறுநீரால் வரும் நோய்க் கிருமி இருக்கும், காயம் வழியாகவும் ஏறும். அறிகுறி பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தெரியும், ஒரு மாதம்கூட ஆகலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஏதாவது இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். "காட்டு ஓடையில் இருந்தான்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிளாக்கிக்கும் இதே ஆபத்து உண்டு. நாய்க்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

தண்ணீர்மலை அம்மா (வியாழன், காலை 7.31)

ஐயோ. நேற்று முன்தினம் ராத்திரி காய்ச்சல் 38.4 வந்தது. பரீட்சைக்குக் கண் விழிக்கிறான், அதனால்தான் என்று நினைத்தேன். கால் வலி என்றும் சொன்னான். இப்போதே கூட்டிப் போகிறேன்.

ஜெலுத்தோங் டீச்சர் (வியாழன், காலை 10.50)

அந்த அம்மா நல்ல செய்தியோடு வரட்டும். ஆனால் எல்லாரும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கேள்வி பையனைப் பற்றி.

15 வயதுப் பிள்ளையை, கூட ஒரு பெரியவர் இல்லாமல், மதியம் 3 மணிக்குக் காட்டுக்கு அனுப்பலாமா? நம் ஊரில் 7.30க்கு இருட்டுகிறது, மரத்தடியில் 6.30க்கே பாதை தெரியாது. மதிய மழை இங்கே வராத மாதமே இல்லை. கோலாலம்பூர் பக்கம் புக்கிட் தாபூர் மலையில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது. வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற மலைதானே என்று நினைத்துப் போனவர்கள்தான் அவர்களும். கொடிமலைக்கு 1923லிருந்து ரயில் ஓடுகிறது, உச்சியில் தேநீர்க் கடை இருக்கிறது என்பதால் நாம் அதைப் பூங்காவாகப் பார்க்கிறோம். யுனெஸ்கோ 2021இல் அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. அது உண்மையான காடு. பன்றி, மலைப்பாம்பு, விரியன் எல்லாம் அங்கே குடியிருக்கின்றன. நாயைக் கூட்டிப் போவது அவற்றின் வீட்டுக்குள் ஒரு வேட்டை மிருகத்தைக் கூட்டிப் போவதுதான்.

தேடப் போனவர்களையும் நினையுங்கள். மழை ஈரத்தில், இரவில், டார்ச் வெளிச்சத்தில் வழுக்குப் பாறையில் இறங்கியவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் முடிவு: 18 வயது வரை தனியாக மலையேற்றம் வேண்டாம், நாயோடு வேண்டவே வேண்டாம்.

பட்டர்வொர்த் மாமா (வியாழன், மதியம் 12.15)

டீச்சர், 18 வயது வரை கைப்பேசியைக் கொடுத்து அறைக்குள் உட்கார வைத்தால் பத்திரமா? நான் 12 வயதில் தோட்டத்தில் விறகு பொறுக்கப் போனேன், என்னோடு ஒரு நாய்தான் வந்தது. பாம்பு இருக்கிற புதரை அதுதான் எனக்குக் காட்டும். காட்டைக் கற்றுக்கொண்டது அப்படித்தான். 2023 துருக்கி நிலநடுக்கத்துக்கு நம் நாட்டுத் தீயணைப்புப் படையின் மோப்ப நாய்கள் போகவில்லையா? நாயால் முடியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மலையேறி (வியாழன், மதியம் 12.58)

அந்த நாய்களுக்குத் தினமும் பயிற்சி, பக்கத்திலேயே பயிற்சியாளர். பன்றியைப் பார்த்தாலும் அசையாமல் நிற்கப் பழக்கியிருப்பார்கள். பிளாக்கியின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை மாமா. அது நாய், நாய் செய்வதைச் செய்தது. நீங்கள் போன தோட்டத்தில் தூரத்திலாவது ஒரு லயத்துக் கூரை தெரிந்திருக்கும். இங்கே இருபது அடி விலகினால் பச்சைச் சுவர்.

டீச்சருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தடை போட்டால் சொல்லாமல் போவான். சொல்லாமல் போகிறவனைத் தேடுவதுதான் பெரிய கொடுமை. இவன் "மூன் கேட், 84, 6 மணி" என்று மூன்றையும் சொல்லிவிட்டுப் போனான். அந்த மூன்று சொல் இல்லாவிட்டால் மலையின் எந்தப் பக்கத்தில் தேடியிருப்பார்கள்?

முன்னாள் தொண்டூழியர் (வியாழன், மாலை 5.20)

தேடுதல் வேலையில் சில வருஷம் இருந்தவன் என்ற முறையில் ஒரு விஷயம் மட்டும். நனைந்த காடு மனிதக் குரலை விழுங்கிவிடும். பயத்தில் கத்திக் கத்தி ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டிப் போகும், அதற்கப்புறம் ஐம்பது மீட்டர் தள்ளி நாங்கள் நடந்து போனாலும் கேட்காது. நாய் குரைப்பது தெளிவாகக் கேட்கும். ஆனால் இதே வேலையை நாலு வெள்ளி விசில் ஒன்று செய்யும். மூன்று முறை ஊது, நிறுத்து, மறுபடி மூன்று முறை. பள்ளிப்பையில் ஒன்றைக் கட்டிவிடுங்கள். வெளிச்சமான நிறத்தில் ஒரு மழைக்கோட்டும் போதும், அதுவே கூடாரம்.

தண்ணீர்மலை அம்மா (வெள்ளி, இரவு 8.45)

மன்னிக்க வேண்டும், இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. டாக்டரிடம் ஓடையைப் பற்றிச் சொன்னோம். உடனே ரத்தம் எடுத்தார், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அன்றே மருந்து ஆரம்பித்துவிட்டார். இன்று காய்ச்சல் இறங்கியிருக்கிறது. செந்தூல் தம்பியா தங்கச்சியா தெரியவில்லை, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

படுக்கையில் இருந்தபடி நேற்றுதான் அவன் முழுசாகப் பேசினான். உங்கள் பதிவுகளை எல்லாம் படித்துக் காட்டினேன். மலையேறி அண்ணன் எழுதியதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் சொன்னான்: நடுராத்திரி பிளாக்கி எழுந்து கீழே, ஓடைப் பக்கம், இழுத்துக்கொண்டே இருந்ததாம். ஊளையிட்டதாம். இவனுக்கும் போய்விடலாம் என்றுதான் தோன்றியிருக்கிறது, அதற்கு வழி தெரியும் என்று நினைத்திருக்கிறான். ஆனால் தண்ணீர்ச் சத்தம் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டதாம். அதனால் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, இரண்டு காலையும் ஒரு மரவேரில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிட்டான். "அதை விட்டிருந்தா அது போயிருக்கும்மா. அது போனா நானும் பின்னாலயே போயிருப்பேன்" என்றான். ரொம்ப நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு பிளாக்கி திரும்பி வந்து அவன் மடியில் படுத்ததாம். அதற்கப்புறம்தான் அவனுக்கு நடுக்கம் நின்றிருக்கிறது.

நான் பார்த்த அந்தத் தடிப்பு அப்படி வந்தது.

கண்டுபிடித்த போம்பா தம்பி ஒரு மலாய்க்காரர். பையனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அகலமான இலை ஒன்றைப் பறித்துக் குழியாக மடித்து, தன் போத்தலில் இருந்த மீதியைப் பிளாக்கிக்கு ஊற்றி வைத்தாராம். இதையும் நேற்றுதான் சொன்னான். என் வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கூலிம் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

மலையேறி (வெள்ளி, இரவு 9.30)

அக்கா, ஓடைப் பக்கம் இழுத்த நாயைப் பிடித்து வைத்தானே, அந்தப் பிள்ளைக்குக் காட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. நாய் மடியில் திரும்பி வந்ததையும் நான் குறைத்துப் பேச மாட்டேன், செந்தூல் சொன்னது சரிதான். ஆனால் கயிறு பற்றிச் சொன்னதில் நான் மாறவில்லை.

ஜெலுத்தோங் டீச்சர் (வெள்ளி, இரவு 9.52)

நானும் மாறவில்லை. பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும்.

மலையேறி (வெள்ளி, இரவு 10.10)

அப்படியென்றால் நான் வருகிறேன். உடம்பு தேறி, டாக்டரும் சரி என்ற பிறகு, ஒரு ஞாயிறு காலை 7 மணிக்கு மூன் கேட்டில் நிற்கிறேன். அண்ணனையும் கூட்டி வாருங்கள். 84 வரைக்கும் போய், 10 மணிக்குள் இறங்கிவிடலாம். பிளாக்கிக்கு மார்பு வார், பையன் கழுத்தில் விசில்.

தண்ணீர்மலை அம்மா (வெள்ளி, இரவு 10.34)

வார் என்ன அளவு என்று அவர் கேட்கச் சொல்கிறார். டேப் எடுத்துக்கொண்டு பிளாக்கி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அது அசையாமல் நிற்க மாட்டேன் என்கிறது.

செந்தூல் நாய்வீடு (வெள்ளி, இரவு 10.41)

முன்னங்கால்களுக்குப் பின்னால், மார்பின் அகலமான இடத்தைச் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல் நுழைகிற மாதிரி விட வேண்டும்.