டி டிரைவ் காப்பாற்றியதும் கைவிட்டதும்: மும்பை அனுபவங்கள்

சயனிலிருந்து

ஹார்ட் டிஸ்கைப் பிரித்து, விண்டோஸ் ஒரு பக்கம் (சி டிரைவ்), நம் ஃபைல்கள் ஒரு பக்கம் (டி டிரைவ்) என்று வைத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அப்படி வைத்ததால் தப்பித்தவர்களும் உண்டு, வைத்தும் கையைப் பிசைந்து நின்றவர்களும் உண்டு. அவரவர் பார்த்ததைச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு உதவும். கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் தொழில். தாராவி, மாட்டுங்கா, ஆன்டாப் ஹில் பக்கம் தமிழ் வீடுகள், கடைகள் என்று போய்வருவேன். நானே ஆரம்பிக்கிறேன்.

தாராவி தொண்ணூறு அடி சாலையில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. நடத்துபவர் திருநெல்வேலிக்காரர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஆர்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டெராபைட் டிஸ்கில் சி-க்கு 150 ஜிபி, மீதி முழுக்க டி. அதற்குப் பெயரே 'போட்டோ'. ஒரு நாள் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அப்புறம் எத்தனை தடவை ஆன் செய்தாலும் நீலத்திரைதான். எனக்குப் போன் வந்தபோது, பக்கத்துத் தெருப் பையன் ஒருவர் சி-யை ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டே முடித்திருந்தார். டி-யைத் தொடவில்லை. வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

நான் போய்ப் பார்த்தேன். படங்கள் அத்தனையும் டி-யில் பத்திரம். ஆனால் ஸ்டூடியோக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. "தம்பி, போட்டோ எல்லாம் இருக்கு. நான் பண்ணின கலர் ஒண்ணையும் காணோமே" என்றார். படங்களுக்குக் கலர் சரிசெய்யும் லைட்ரூம் சாஃப்ட்வேரைத் திறந்தால் வெள்ளையாக, புதிதாக வாங்கிப் போட்டது போல இருக்கிறது.

விஷயம் இதுதான். லைட்ரூம் அசல் படத்தில் கை வைப்பதில்லை. எந்தப் படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் கூட்டினோம், எங்கே வெட்டினோம் என்பதையெல்லாம் கேட்லாக் என்ற தனி ஃபைலில்தான் எழுதி வைக்கும். நாமாக மாற்றாவிட்டால் அந்தக் கேட்லாக் சி டிரைவில் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். அது அவ்வப்போது எடுக்கும் பேக்அப்பும் அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் சேரும். இரண்டும் ஃபார்மட்டில் போய்விட்டன. டெலிவரிக்கு இருந்த இரண்டு கல்யாண ஆல்பத்தை அவர் முதலிலிருந்து உட்கார்ந்து செய்தார். இப்போது கேட்லாக் டி-யில் இருக்கிறது, அதன் பேக்அப் வெளி டிஸ்கில்.

அதனால்தான் சொல்கிறேன்: டிஸ்கைப் பிரிப்பது பத்து நிமிட வேலை. எந்த சாஃப்ட்வேர் நம் உழைப்பை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று தேடிப் பார்ப்பதுதான் உண்மையான வேலை. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டும் சி-க்குள்தான் இருக்கின்றன. அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல், பிரவுசர் புக்மார்க், ஐட்யூன்ஸ் எடுத்த போன் பேக்அப் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரின் டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பல கடை முதலாளிகளுக்கே தெரியாது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் ஃபார்மட் அடிக்கும் முன் "சி மே குச் ஹை க்யா?" (சி-யில் ஏதாவது இருக்கிறதா?) என்று கேட்பார்கள். நம் ஆட்கள் யோசிக்காமல் "குச் நஹி, சப் டி மே ஹை" (ஒன்றுமில்லை, எல்லாம் டி-யில் இருக்கிறது) என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு பதிலுக்கு முன்னால் கால் மணி நேரம் செலவழித்து யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாட்டுங்காவில் ரிட்டயரான ஒரு மாமா. லேப்டாப் வாங்கியபோதே டி பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் டி காலி. பேரன் பேத்தி படம், பென்ஷன் பேப்பர், ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரம் எல்லாம் டெஸ்க்டாப்பில் குவிந்து, சி-யின் பட்டை சிவப்பாகிவிட்டது. "டி-ல போய் சேவ் பண்ணணும்னு யாருக்குப்பா ஞாபகம் இருக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லாதபடி செய்துவிடலாம். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். அவ்வளவுதான். டெஸ்க்டாப், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸுக்கும் இதே வழி. அவர் எப்போதும் போல டெஸ்க்டாப்பில் போடுவார், ஃபைல் போய் டி-யில் உட்காரும்.

இதில் ஒன்று முக்கியம். டி-க்குள் முதலில் தனித்தனி ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். டி டிரைவையே நேராகக் காட்டினால் டிரைவ் முழுவதும் டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும், திரும்ப மாற்றுவது பெரும்பாடு. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் பேக்அப் ஆன் ஆகியிருந்தால் இந்த ஃபோல்டர்களை அது தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும், அதை முதலில் நிறுத்த வேண்டும்.

பிரிக்கும் பழக்கம் பழையது. டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை ஃபேட்16 ஆக இருந்த காலத்தில் ஒரு பார்டிஷன் (பிரித்த துண்டு) 2 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் 4 ஜிபி டிஸ்க் வாங்கினால் வெட்டியே ஆக வேண்டும். 1996-இல் விண்டோஸ் 95-இன் புதிய பதிப்போடு ஃபேட்32 வந்து அந்தக் கட்டாயம் போனது. பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. அப்புறமும் 80 ஜிபி டிஸ்கை இருபது இருபதாக நான்கு துண்டு போட்டுத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சமே 64 ஜிபி வேண்டும். இப்போது நான்கு துண்டு வேண்டவே வேண்டாம், இரண்டு போதும்.

கடைசியாக ஒன்று, மனதை விட்டுப் போகாதது. 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அப்போது நான் லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் முழுவதும் சேறு அப்பிய சிபியுக்கள் வாசலில் வரிசையாக இருந்தன. குர்லாவில் தரைத்தளத்தில் கணக்கு எழுதும் ஆபீஸ் வைத்திருந்த நம் ஊர்க்காரர் ஒருவர் கொண்டு வந்ததைப் பிரித்தபோது கேபினெட்டிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஹார்ட் டிஸ்கில் காற்றுக்காக ஒரு சின்னத் துளை இருக்கும், தண்ணீர் அது வழியாகவே உள்ளே இறங்கியிருந்தது. "தினமும் சாயங்காலம் சி-ல இருக்கிற டாலிய டி-ல காப்பி பண்ணித்தான் வச்சோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒழுங்கான மனிதர், ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறார். சி-யும் டி-யும் ஒரே தகட்டில்தான் இருக்கின்றன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆடிட்டரிடம் கொடுத்திருந்த ஒரு சிடியில் இருந்ததுதான் மிஞ்சியது. டி என்பது விண்டோஸ் கெட்டுப்போவதிலிருந்து மட்டும்தான் காக்கும். டிஸ்க் செத்தால், லேப்டாப் திருடு போனால், தண்ணீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். வேறொரு டிஸ்கில், முடிந்தால் வேறொரு வீட்டில், இன்னொரு காப்பி இருக்கட்டும்.

செம்பூரிலிருந்து

அண்ணா, அந்தக் குர்லாக்காரரை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நான் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வினாத்தாள், நோட்ஸ் எல்லாம் லேப்டாப்பில்தான். 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் காட்டுவது 476. மொத்தமும் ஒரே சி. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி-யைச் சுருக்க ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்தேன். முக்கால்வாசி இடம் காலியாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான் குறைக்க முடியும் என்று காட்டியது. டிஸ்கில் கோளாறோ என்று பயம் வந்துவிட்டது.

என் தம்பி போனில் விளக்கினான். ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் போன்று விண்டோஸ் தன் உபயோகத்துக்கு வைத்திருப்பவற்றை ஷ்ரிங்க் நகர்த்தாது, அவை நடுவில் எங்காவது இருந்தால் அதுவரைக்கும்தான் சுருக்கும் என்றான். ஹைபர்னேஷனை ஆஃப் செய்து, ரீஸ்டோர் பாயின்ட்டுகளை அழித்து, பேஜ் ஃபைலைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் தாராளமாக இடம் கொடுத்தது. டி உருவாக்கிய பின் பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் மறக்காமல் திரும்ப ஆன் செய்தேன். இதற்காக வெளியில் ஏதாவது சாஃப்ட்வேர் இறக்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் இருக்கும் அக்கா கடையில் விண்டோஸ் மறுபடி போட்டுக்கொண்டு வந்தார். டி டிரைவில் பூட்டுப் படம், திறந்தால் கீ கேட்கிறது. டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தது அவருக்கே தெரியாது. இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஆரம்பித்தால் அது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. நல்லவேளை, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு அவருடைய பெண்ணுக்கு ஞாபகம் இருந்தது, உள்ளே போய் 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்துவிட்டார்கள். நான் என்னுடையதைப் பேப்பரில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.

பாண்டுப்பிலிருந்து

என் காலேஜ் நண்பனுக்கு நடந்தது. பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போடும்போது டிரைவ் 0 பார்டிஷன் 1, 2, 3 என்றுதான் வரிசையாகக் காட்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் டெலீட் கொடுத்துவிட்டான். திரையில் அன்அலோகேட்டட் (பிரிக்கப்படாத காலி இடம்) என்று ஒற்றை வரி. அதற்கு மேல் எதையும் தொடாமல் அப்படியே பவரை நிறுத்தியதுதான் அவன் செய்த புத்திசாலித்தனம். டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி டெஸ்ட்டிஸ்க் ஓட்டினோம். இலவச மென்பொருள், கறுப்புத் திரையில் எழுத்தாகத்தான் வரும், ஆனால் காணாமல் போன டி-யைத் தேடிப் பிடித்துப் பட்டியலில் திரும்ப எழுதிக் கொடுத்தது. பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால் தப்பித்தான். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரிம் என்ற வசதி உடனே துடைத்துவிடலாம், அங்கே இந்த நம்பிக்கை வைக்க முடியாது.

சயன் அண்ணாவிடம் இரண்டு கேள்வி. சி-க்கு எவ்வளவு விடலாம்? விண்டோஸ் மாற்றியதும் டி-யில் சில ஃபோல்டர் 'ஆக்சஸ் டினைட்' என்கிறதே, அது என்ன?

மறுபடியும் சயனிலிருந்து

512 எஸ்எஸ்டி என்றால் சி-க்கு 200 ஜிபிக்குக் குறையாமல் விடுங்கள் தம்பி, கேம் ஆடுவீர்கள் என்றால் இன்னும் கூட. பின்னால் சி-யைப் பெரிதாக்குவது சுலபமில்லை. அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போலக் காலி இடம் இருந்தால்தான் எக்ஸ்டென்ட் வேலை செய்யும். அங்கே டி உட்கார்ந்திருக்கும், சில லேப்டாப்பில் நடுவில் ரெக்கவரி பார்டிஷன் வேறு நிற்கும். 128, 256 எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் பிரிக்கவே வேண்டாம் என்பேன். இடம் நெருக்கடியாகி தினமும் அங்கேயிருந்து இங்கே ஃபைல் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். அவர்களுக்கு ஒரு வெளி டிஸ்க்தான் சரி.

இன்ஸ்டால் செய்யப்போகும் முன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, எந்தப் பார்டிஷன் எத்தனை ஜிபி என்று போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டி-க்கு ஒரு பெயரும் வைத்துவிடுங்கள். இரண்டாவது டிஸ்க் இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

ஆக்சஸ் டினைட் வந்தால் பயப்பட வேண்டாம், ஃபைல் எங்கும் போகவில்லை. பழைய விண்டோஸில் இருந்த உங்கள் கணக்கின் பெயரில் அந்த ஃபோல்டர் இருக்கிறது. அதே பெயரில் புதுக் கணக்கு போட்டாலும் விண்டோஸுக்கு அது வேறு ஆள்தான். பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் ஓனரை உங்கள் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள், கீழே உள்ள ஃபோல்டர்களுக்கும் சேர்த்து டிக் போடுங்கள். பெரிய ஃபோல்டர் என்றால் நேரம் எடுக்கும், முடியும்வரை விட்டுவிடுங்கள்.